அலுமாரிக்குள் பூத்த செவ்வரத்தை

முன்னறையில் 'கிணுங்' என்றது கண்ணாடி. குசினியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த சுபாஜினிக்கு நெஞ்சே விரிசல் கண்டதுபோல் இருந்தது.

"ஐயோ அண்ணை, விட்டிட்டியளே?"

"இல்லைத் தங்கச்சி! ஒண்டோடை ஒண்டு முட்டினது. என்ரை கையாலை இண்டுவரைக்கும் ஒரு கண்ணாடியும் விழேல்லை."

செபநாயகம், இடிக்கப்படும் பழைய வீடுகளின் கதவு யன்னல்களை வாங்கி விற்பவர். இன்று அவர் பழைய சாரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவை மூன்று சிவப்புக் கண்ணாடிகள். அவற்றில்தான் சுபாஜினியின் மானமே தொங்கிக்கொண்டிருந்தது.

அரியாலையில் அவளைத் தெரியாதவர் குறைவு. நாற்பத்து மூன்று வயது. இருபது வருடம் சட்டை தைத்தவள், தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு, வண்ணக் கண்ணாடிகளைத் துண்டு துண்டாய் வெட்டி ஈயத்தால் பற்றவைத்து மின்விளக்குகளுக்கு மூடி செய்யத் தொடங்கினாள். அன்றிலிருந்து இனிப்புத் தாளையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பாள், இருமல் மருந்துப் போத்தலையும் பிடித்துப் பார்ப்பாள். "உவள் ஒருநாள் என்னையும் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிப்பாள்" என்று மாமியார் ஞானாம்பிகை அயலட்டைக்குச் சொல்லிச் சிரிப்பார்.

டவுனில் புதிதாகத் திறக்கவிருந்த விடுதியொன்று ஆறு விளக்கு மூடிகள் கேட்டிருந்தது. அவளுடைய முதல் பெரிய ஓடர்! ஐந்து நன்றாக அமைந்தன. ஆறாவதில் செவ்வரத்தம்பூ. அதற்கான கண்ணாடியைப் பட்டப்பகலில், வெயிலில் பார்த்து மயங்கி வாங்கினாள். விடுதிக்காரன் பல்பைப் போட்டதும் பூ கறுத்துப்போயிற்று.

"அக்கா, உது செவ்வரத்தையோ, கத்தரிக்காயோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் எரிந்தது. நாளை மறுநாளுக்குள் ஆறும் ஒன்றாக வரவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்றுவிட்டான் அவன்.

ஆகவே இந்த முறை பல்பு வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்குவதில்லை. ஆனால் மேற்கு வெயில் வீடெங்கும் கொட்டிக் கிடந்தது. மூன்று கண்ணாடிகளும் ஒரே சிவப்பாய்ச் சிரித்தன.

"கொஞ்சம் இருட்டட்டும் அண்ணை, பிறகு பாத்து எடுக்கிறன்."

"இருட்டினால்?" சாமியறை வாசலில் நெருப்புப்பெட்டியோடு நின்ற மாமி கேட்டார். "விளக்கு வைச்ச பிறகு இந்த வீட்டாலை காசு வெளியிலை போனது உண்டோ?"

இல்லைத்தான். செபநாயகமோ மிச்சக் கண்ணாடிகளோடு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர். விளக்கு வைக்கக் கால்மணி நேரம்கூட இல்லை.

சுபாஜினி அறைக்குள் ஓடினாள். அலுமாரியிலிருந்த சேலைகளை வாரிக் கட்டிலில் எறிந்தாள். நீண்ட வயரில் பல்பை இழுத்துக்கொண்டு, மூன்று கண்ணாடிகளோடும் உள்ளே ஏறிக் குந்தினாள்.

"மாமி, கதவை இறுக்கிப் பிடியுங்கோ!"

"உனக்கென்ன விசரோ பிள்ளை?" என்றபடியே மாமி முதுகைக் கொடுத்து இரண்டு கதவுகளையும் அழுத்தினார்.

முதலாவது கத்தரிக்காய். அதே கத்தரிக்காய்! இரண்டாவதில் ஊசித் துளைகளாய் வெள்ளை வெளிச்சம் கசிந்தது. நகத்தால் சுரண்டினாள், சாயம் உரிந்தது. மூன்றாவது, விளிம்பு உடைந்து, பழைய பெயின்ற் காய்ந்து ஒட்டிய அவலட்சணம். அதைப் பல்புக்கு முன்னால் பிடித்தாள்.

அலுமாரியே பற்றி எரிந்ததுபோல் இருந்தது! கை, முகம், மடியெல்லாம் அப்போதுதான் இதழ் விரித்த செவ்வரத்தையின் சிவப்பு.

"ஐயோ!" என்று வீரிட்டாள்.

"கரண்ட் பிடிச்சிட்டுது!" செபநாயகம் பாய்ந்துபோய் மெயின் சுவிச்சை நிறுத்தினார். மாமி பதறிக் கதவைத் திறந்தால், மருமகள் கண்ணாடியை மார்போடு அணைத்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"மாமி, பூத்திட்டுது!"

செபநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வியாபாரமும் வந்தது.

"ஐயாயிரம் எண்டுதான் சொன்னனான். ஆனால் நீர் கத்தின கத்தலைப் பாத்தால் உது ஏழாயிரம் பெறும் தங்கச்சி."

சுபாஜினியின் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்தது ஐயாயிரம்தான்.

மாமி நெருப்புப்பெட்டியைத் திறந்தார். ஒரு குச்சியை உரசி, சுடரைக் கையால் மறைத்தபடி சாமியறைக்குள் நடந்தார்.

"அம்மா, நில்லுங்கோ! என்ன செய்யிறியள்?"

"திரி பத்தினால் பிறகு நாளைக்குத்தான் காசு, தம்பி. நாளைக்கு நீர் கொழும்பிலை. அந்த உடைஞ்ச துண்டைப் பஸ்ஸிலை மடியிலை வைச்சுத் தாலாட்டிக்கொண்டு போம்."

குச்சி பாதி எரிந்தது. நெருப்பு விரலைத் தொட்டது. மாமி இமைக்கவில்லை.

"ஐயாயிரம்! ஐயாயிரமே தாரும் தங்கச்சி, கெதியா!"

தாள் கைமாறியது. மறுகணம் திரி பற்றியது.

செபநாயகம் மெயினைப் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் சாரத்தில் சுற்றிக்கொண்டார். படியில் நின்று தலையை ஆட்டிச் சிரித்தார். "அடுத்த முறை உங்கடை மாமி கோயிலுக்குப் போற நேரம் பாத்துத்தான் வருவன்." அவருடைய ஓட்டோ ஒழுங்கை முனையில் திரும்பியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் கதவைச் சாத்த ஒருநாளும் விடாத மாமி, சுட்ட விரலை ஊதிக்கொண்டே சொன்னார்:

"கதவைச் சாத்து பிள்ளை, வெளிச்சம் வருது. எனக்கும் ஒருக்கா அந்தப் பூவைக் காட்டு."

சுபாஜினி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.