சோளகத்துக்கு முதுகு காட்டிய அடுப்பு

தேங்காயின் பொச்சுமட்டையில் ஈர மணலைத் தொட்டு இரும்பை உரசினால் ஒரு கரகரச் சத்தம் வரும். பல்லெல்லாம் கூசும். கையும் வேட்டியும் துருவில் சிவந்துவிடும்...

நேற்று நண்பர் ஒருவர் இங்கே முகநூலில் பழைய வார்ப்பிரும்பு விறகடுப்பு ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அந்தச் சத்தம்தான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு என்று நினைக்கிறேன். ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். தொண்ணூறு தாண்டிய என் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை. நெடுந்தீவில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கலியாணமாகிச் சில மாதம்.

மனைவி பாக்கியம் ஊர்காவற்றுறையில் தோணிக்காரர் வீட்டுப் பெண். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சு முட்டு. எங்கள் வாடகை வீட்டுக் குசினியிலோ மூன்று கல் அடுப்பு, எரிக்கப் பனைமட்டை, புகை போக ஒரு துவாரம்கூட இல்லை. சமைத்துவிட்டு வெளியே வந்தால் அவள் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். நான் சமைக்கிறேன் என்றால் விடமாட்டாள். வாத்தியார் சாம்பல் கையோடு பள்ளிக்கூடம் போவதா என்பாள்.

அவளுடைய அண்ணர் தோணியில் தண்டையல், தோணியை நடத்திச் செல்பவர். வைகாசியில் வந்தவர் ஒரு நேரச் சமையலைப் பார்த்திருந்துவிட்டு, என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

“வாத்தியார், நீர் குறை நினைக்கக்கூடாது. அடுத்தமுறை நான் வரேக்கையும் தங்கச்சி இப்பிடி இழுத்துக்கொண்டிருந்தா, கூட்டிக்கொண்டு போயிடுவன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாக, ஆறுதலாகச் சொன்னார். கூட்டிப்போனால் திரும்ப அனுப்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டின் பின்கொட்டிலில் ஒரு இரும்படுப்பு கிடந்தது. முன்பு அங்கே குடியிருந்த வெள்ளைக்கார நில அளவையாளர் விட்டுப்போனது. நாலு காலில் ஒன்று இல்லை. உப்புக்காற்றில் மேல்தட்டு செதில் செதிலாக உரிந்திருந்தது. ரொட்டி சுடும் அறையான போறணைக்குள் கோழி ஒன்று அடைகிடந்தது.

கோழியை எழுப்பப் பாக்கியம் சம்மதிக்கவில்லை. அதுவும் குடும்பம்தானே என்றாள். ஆகவே போறணையை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றினேன். தட்டு, வளையம், கதவு எல்லாவற்றையும் பாயில் வரிசையாக அடுக்கி, சோக்கட்டியால் இலக்கம் போட்டேன். துருவை உரசி, வெயிலில் காயவைத்து, தேங்காயெண்ணெய் பூசினேன். பூசியபோது இலக்கமெல்லாம் அழிந்துவிட்டது... பிறகு எது எங்கே என்று தேடியதில் ஒரு கிழமை போனது.

குஞ்சுகள் வெளியே வந்த பிறகுதான் பாகங்களைத் திரும்பப் பொருத்திப் பூட்டினேன். இல்லாத காலுக்குக் கல் வைத்தேன். பொருத்துகளை அடைக்கச் சுண்ணாம்பு பூசினேன். தீவில் எதற்கும் சுண்ணாம்புதானே. சின்ன நெருப்பு வைத்துப் பார்த்தபோதே அது மாவாக உதிர்ந்தது. பிறகு புற்றுமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினேன். அது நின்றது. மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டிச் சுருட்டிப் புகைக்குழாய் செய்தேன். ஓலைக்கூரை பற்றிவிடும் என்ற பயத்தில் குழாயைச் சுவரால் வெளியே எடுத்து, கூரைக்குத் தள்ளி உயரக் கட்டினேன்.

முதல்நாள் பெரிதாக நெருப்பு மூட்டியதும், புகை முழுவதும் குசினிக்குள் திரும்பி வந்தது. மூன்று கல் அடுப்பே மேல் என்ற அளவுக்கு. பாக்கியம் இருமிக்கொண்டு வெளியே ஓடினாள். நான் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். அண்ணர் வரும்வரை காத்திராமல் நானே அவளைக் கொண்டுபோய் விடுவதுதான் மரியாதையோ என்றுகூட நினைத்தேன்.

அவள் பூவரசின் கீழே இருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் குழாயின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சருங்கோ, அடுப்பிலை பிழை இல்லை. சோளகக் காத்து குழாய்க்குள்ளை இறங்குது. காத்துக்கு நேர வாயைத் திறந்துகொண்டு நிண்டா, ஆருக்குத்தான் மூச்சு விட ஏலும்?”

ஒரு மண்பானையின் பக்கத்தில் மெதுவாகத் தட்டித் துளை எடுத்தோம். குழாயின் மேல் அதைக் கவிழ்த்து, துளை வடகிழக்கைப் பார்க்கத் திருப்பிக் கம்பியால் கட்டினேன். தென்மேற்கிலிருந்து வந்த சோளகம் பானையின் முதுகில் மோதிப் போனது. புகை மற்றப் பக்கத்தால் வெளியேறியது. பனைமட்டையையும் விட்டுவிட்டு, பனங்கிழங்கு பிடுங்கியபின் மிஞ்சும் காய்ந்த கொட்டை ஓடான ஊமலை எரித்தோம். புகை குறைவு, நின்று எரியும்.

மெல்ல மெல்ல அந்த விசில் சத்தம் குறைந்தது. ஒருநாள் சமைத்துக்கொண்டே பாடினாள். நான் வாசலில் அசையாமல் நின்றேன், நிறுத்திவிடுவாளோ என்று.

ஆடியில் அண்ணர் வந்தார். வேலிப் படலையில் நின்றே மேலே பார்த்தார்.

“என்ன வாத்தியார், பனையில்லாத இடத்திலை முட்டி கட்டியிருக்கிறீர்? கள்ளு இறங்குதோ?”

பாக்கியம் புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். அவர் குசினிக்குள்ளேயே பலகையில் இருந்து, சாப்பாட்டைக் கவனியாமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“இப்ப சரி. வாடைக்காத்து திரும்பினா உந்தப் பானை என்ன செய்யும்?”

சொல்வதற்கென்று பல நாளாக வசனங்கள் தயார்செய்து வைத்திருந்தேன். வந்தது இதுதான்:

“வாடை திரும்பினா பானையையும் திருப்ப வேணும். எனக்குக் காத்துத் தெரியாது அண்ணை. பாக்கியத்துக்குத்தான் தெரியும். அவ இஞ்சை நிக்க வேணும்.”

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பாக்கியம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணர் தன் சாப்பாட்டுக் கோப்பையை அவள் பக்கம் தள்ளி, இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கச் சொன்னார். அன்று பின்னேரம் தனியாகத்தான் தோணி ஏறினார்.

இப்போது யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டில் இருக்கிறோம். கேஸ் அடுப்பு, திருகினால் நெருப்பு. காற்று எந்தத் திசையென்று யாருக்கும் கவலையில்லை. பாக்கியம் கதிரையில் இருந்தபடியே, குழம்புக்குப் புளி காணாது என்று மகளோடு வாதாடிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு மூச்சு இருக்கிறது அவளுக்கு.

புகையில்லாத குசினி எவ்வளவோ நல்லது. எல்லாப் பெண்களுக்கும் அது கிடைக்க வேண்டும். ஆனாலும்... அன்றைக்கே அது இருந்திருந்தால், “அவ இஞ்சை நிக்க வேணும்” என்று நான் வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டேன்.