லொக்அவுட் அழுத்தியும் போகாத குக்கி

என் மகள்மாரே, ஸனா, ஸஹ்மா — இந்த வாரம் உங்கள் இருவருக்கும்தான் முதலில் எழுதுகிறேன். மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளட்டும்.

இது நோன்புக்கு முன் நடந்த விஷயம். இவ்வளவு நாளும் எழுதவில்லை. எழுதக் கூடாத கதையாக இருந்தது. இப்போது கதைக்குச் சொந்தக்காரரே, "பேர மாத்திப் போட்டு எழுதுங்க மாமா, எனக்கு ஒண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டார். அவருக்கு ரிஸானா என்று பெயர் வைப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளை. கலியாணம் முடித்து, உம்மா வீட்டிலேயே இருக்கிறவர்.

நம்ம வீட்டு மேசையில் கிடக்கும் போனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வாசிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாதே... அது எங்கள் வீட்டின் ஒரே நல்ல போன். பூட்டு இல்லை. உம்மா அதில் கட்டாரில் இருக்கும் நம்ம ஆட்களுடன் கதைப்பார். ஸஹ்மா பாடம் பார்ப்பாள். பக்கத்து வீட்டார் வந்து எடுப்பார்கள், பார்ப்பார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். வெற்றிலைத் தட்டு மாதிரி. வெற்றிலைத் தட்டை யாராவது பூட்டி வைப்பார்களா?

ஸனா கம்ப்யூட்டர் படிக்கிறாள். டவுனில் இரத்தம் சோதிக்கிற ஒரு சின்ன லெப்புக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். சோதிக்கக் கொடுத்தவர்கள் ரிப்போர்ட் வாங்க வெயிலில் மீண்டும் போகத் தேவையில்லை. லெப்பில் தரும் நம்பரையும் பாஸ்வேர்டையும் போட்டால் போனிலேயே பார்க்கலாம். ஓட்டோவுக்கு சீட் தைக்கிற எனக்கு இது பெரிய விஷயம். கடைக்கு வருகிற ஒருவரையும் நான் விடவில்லை. "என்ட மகள் செஞ்சது" என்று சொல்லாத நாள் இல்லை. என் மச்சான், உங்கள் ஜௌபர் மாமா, என்னைவிட ஒரு படி மேலே போய் ரோட்டில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னார்.

ஒரு நாள் பகல் ரிஸானா வந்தார். ஸனா வகுப்புக்குப் போயிருந்தாள். ரிஸானாவின் போன் எந்நேரமும் அவருடைய உம்மாவின் கையில். அதனால் எங்கள் போனை எடுத்து, கதவுப் பக்கம் திரும்பி நின்று, எதையோ பார்த்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டுப் போனார். என்ன பார்த்தார் என்று நான் கவனிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பின்நேரம், அசர் தொழுகைக்குப் பிறகு ஸனா வந்தாள். நான் போனை எடுத்து, அவள் செய்த சைட் எப்படி இருக்கிறது என்று சும்மா திறந்தேன். நம்பர் கேட்கவில்லை. பாஸ்வேர்ட் கேட்கவில்லை. நேராக ஒரு ரிப்போர்ட் வந்து நின்றது. மேலே ரிஸானாவின் பெயர். கீழே என்ன சோதனை என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'பாசிட்டிவ்'.

உடனே மூடினேன். மூடி என்ன செய்ய? கண் வாசித்துவிட்டதே.

பிள்ளைகளே, ரிஸானாவுக்கு முன்பு இரண்டு முறை குழந்தை தரித்து, தங்காமல் போனது. இரண்டு முறையும் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் அப்படி நடந்தது. விசாரிக்க வந்தவர்கள், அழுதவர்கள், கண்ணூறு என்று சொன்னவர்கள்... அந்தப் பிள்ளை வெளியே இறங்கவே கூச்சப்பட்டது. இம்முறை தரித்திருப்பதைச் சொந்த உம்மாவுக்கும் சொல்லவில்லை. அது தன் கணவனுக்குப் பிறகு யாருக்குத் தெரிந்தது? சீட் தைக்கிற எனக்கு.

போனை மேசையில் வைத்துவிட்டு ஸனாவிடம் போனேன். அவள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மகள், ரிப்போட் பாத்து முடிஞ்சா அதுல இருந்து வெளிய வாற பட்டன் ஒண்டு இரிக்கிதானே?"

"ஓம் வாப்பா. லொக்அவுட். ஏன்?"

"அத அழுத்தினா உண்மையா வெளிய வருமா?"

அவள் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். என்ன பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏதோ எழுதிப் பார்த்தாள், அழித்தாள், மீண்டும் எழுதினாள். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"வாப்பா, குக்கி அழியல்ல."

குக்கி என்றால் என்ன? எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். டொக்டரிடம் போனால் நம்பர் துண்டு தருவார்கள்தானே? அந்தத் துண்டு மாதிரி ஒன்றை வெப்சைட்டின் சேர்வர் உங்கள் போனுக்குக் கொடுக்கும். போன் அதைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் காட்டும். துண்டைக் கண்டதும் 'நம்ம ஆள்தான்' என்று சேர்வர் உள்ளே விடும். யார் காட்டுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. துண்டைத்தான் அது பார்க்கும்.

ஸனா அந்தத் துண்டை ஒரு வருசம் செல்லுபடியாக வைத்திருந்தாள். ஏன்? வயசான ஆட்கள் பாஸ்வேர்டை மறந்துவிடுவார்கள் என்ற இரக்கத்தில். ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று அவள் படித்த பாடத்தில் இருந்தது. பாடம் எழுதியவர் நம்ம ஊர் மேசையைப் பார்க்கவில்லையே.

"அது சரி. ஆனா லொக்அவுட் அழுத்தினாத்தானே அழியணும்?"

"குக்கிய நான் வெச்சது ரிப்போட் பக்கத்துட பாதைக்கு. அழிக்கச் சொன்னது முதல் பக்கத்துட பாதைக்கு. பேர் ஒண்டுதான், பாதை வேற. பிரௌசருக்கு அது வேற குக்கி. இல்லாத ஒண்ட அழி எண்டா அது பிழை எண்டும் சொல்லாது. பேசாம இரிக்கும்."

"திரையில 'நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்' எண்டு வந்திரிக்குமே?"

"அது நான் எழுதின வசனம் வாப்பா. அது எப்பவும் வரும்."

மேல்மாடியில் கொடுத்த துண்டைக் கீழ் வாசலில் நின்று கேட்டால் யார் தருவார்? ஆனால் வாசல்காரன் மட்டும் 'சரி, வாங்கியாச்சு' என்று சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

போனை எடுக்கப் போனேன். மேசையில் இல்லை.

"ஸஹ்மா, போன் எங்க?"

"ஜௌபர் மாமா வந்து எடுத்திட்டுப் போனார். மேட்ச் பாக்கவாம்."

எங்கே போனார் என்று கேட்கத் தேவையில்லை. சந்தித் தேத்தண்ணிக் கடை. ஜௌபர் நல்ல மனிதர், பிள்ளைகளே. யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் மஃரிபுக்குள் ஊர் சுற்றி வந்துவிடும். சந்தோசமான விஷயம் என்றால் இன்னும் சீக்கிரம்.

போன் பண்ணி, "மச்சான், அந்த சைட்டத் திறக்காத" என்று சொல்லலாமா? சொன்னால் முதல் வேலையாக எதைச் செய்வார்?

"மகள், இஞ்ச இருந்து அந்தத் துண்டச் செல்லாமச் செய்ய ஏலாதா?"

"ஏலும். சேர்வர்ல இரிக்கிற எல்லாச் செஷனையும், குடுத்த துண்டுட பதிவெல்லாத்தையும் அழிக்கணும். ஆனா ஒருத்தர்ட மட்டும் பிரிச்சி எடுக்க நான் எழுதி வைக்கல்ல. எல்லாரும் வெளிய வந்திருவாங்க. லெப் ஆக்கள் ஏசுவாங்க."

"ஏசட்டும். நீ செய்."

அவள் தட்டத் தொடங்கியதும் நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வீட்டிலிருந்து சந்திக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அன்று அது தூரத்தில் இருக்கும் பொத்துவில் ஊர் வரைக்கும் நீண்டது. வழியில் இரண்டு பேர் ஸலாம் சொன்னார்கள். 'இவர்களுக்கும் தெரிந்துவிட்டதோ' என்றே இருந்தது.

கடையில் ஜௌபரைச் சுற்றி நாலைந்து பேர். எல்லாத் தலைகளும் என் போனுக்கு மேலே.

"வா மச்சான், இரி. உன்ட மகள்ட சைட்டத்தான் இவனுகளுக்குக் காட்டுவம் எண்டு திறந்தன்."

என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

"நம்பரக் கேக்குது. பாஸ்வேர்டக் கேக்குது. வாசல்லயே நிப்பாட்டி வெச்சிரிக்கி. என்னத்தச் செஞ்சாவோ புள்ள."

"கதவ மட்டும்தான் கட்டியிரிக்கா போல," என்றார் பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி. "வீடு கட்ட மறந்திட்டா."

எல்லாரும் சிரித்தார்கள்.

"எப்ப மச்சான் திறந்த?"

"இப்பத்தான். மேட்ச்சில தண்ணி குடிக்க விடக்குள்ள. ஏன், உனக்கு வேர்க்கிதே?"

"வெயில்."

"வெயிலா? சூரியன் விழப் போகுது."

ஸனா முந்திவிட்டாள். என் மகளின் வேலையை நாலு பேர் பகிடி பண்ண, நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு பிளேன்டீ குடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ருசியான பிளேன்டீ எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஸனா பாதையைத் திருத்தி, ஒரு வருசத்தைக் கொஞ்ச நிமிடங்களாகக் குறைத்து, லெப்பில் ஏச்சும் வாங்கி முடித்திருந்தாள். கடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொன்னேன். இத்தோடு விட்டுவிடலாம் என்றும் சொன்னேன்.

"விட ஏலா வாப்பா. ரிஸானா ராத்தாட ரிப்போட்தானே? சேர்வர்ல கடைசியாப் பாத்த பேரக் கண்டன். அவவுக்குச் சொல்லணும்."

"சொன்னா பயந்திருவா மகள்."

"சொல்லாட்டி நாளைக்கும் நம்பி வருவா."

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அவள் தனியாகத்தான் போனாள். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தவளின் கண் சிவந்திருந்தது.

"ஏசினாவா?"

"இல்ல. யாரெல்லாம் பாத்த எண்டு கேட்டா. வாப்பா மட்டும் எண்டன்."

"பொறகு?"

"பொறகு, 'மாமாவ துஆ செய்யச் சொல்லு, வேற ஒண்டும் கேக்க வேணாம்' எண்டா."

இப்போது அந்தச் செய்தியை ரிஸானாவின் வயிறே ஊருக்குச் சொல்கிறது. ஜௌபர் மாமாவுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் பிள்ளை கைக்கு வரும் வரை பயம் பயம்தான். அவருக்கும் எனக்கும்.

ஸனா போய்ச் சொன்ன மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்தேன். நம்ம வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் தண்ணி ஓடும் கானுக்கு மேல் ஒரு கொங்கிரீட் மூடி கிடக்கிறது. உடுப்புக் காயப்போட ரிஸானா அதில் ஏறித்தான் எங்கள் பக்கம் வருவார். ஏறினால் ஒரு பக்கம் ஆடும், கால் தடுமாறும். கொஞ்சம் சீமெந்தும் மணலும் குழைத்து, நாலு மூலைக்கும் வைத்து இறுக்கினேன். காயும் வரைக்கும் யாரும் மிதித்துவிடாதபடி பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.

யாராவது ஏன் என்று கேட்டால் 'சும்மா' என்று சொல்ல நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.