ஹாஷ் போட்ட இருநூற்றுப் பதினான்கு வரிகள்

எனக்கு எழுபத்தொரு வயது. வாரத்தில் நான்கு நாள், மைசூரில் ரவுட்டருக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆர்ம் சிப்பில் ஓடும் எங்கள் ரவுட்டர்களின் கர்னல் கான்ஃபிக் கோப்புகள் என் பொறுப்பு. ரவுட்டரின் அடிப்படை மென்பொருளான கர்னலில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று வரிவரியாகச் சொல்லும் கோப்புகள் அவை. காலையில் போனதும் ஒவ்வொன்றிலும் எத்தனை வரி என்று பார்த்து நோட்டில் எழுதுவேன்.

அன்று ஒன்றில் ஐந்நூற்று முப்பத்தெட்டுக்குப் பதிலாக முந்நூற்று இருபத்து நான்கு இருந்தது. எங்கள் டீம் லீடர் பதினெட்டு வருடம் வெப் பக்கங்கள் எழுதியவர், கொள்ளேகாலத்துக்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். அவரிடம் ஓடினேன்.

"மேடம், இருநூத்திப் பதினாலு வரியக் காணோம்."

"நான்தாங்க சார் எடுத்தேன். ஹாஷ் போட்டதெல்லாம் கமென்ட்தானுங்களே? குப்பைய கூட்டிட்டேன்."

பல இடங்களில் அவர் சொல்வது சரி: ஹாஷ் (#) குறி போட்ட வரி வெறும் குறிப்பு, கணினி அதைப் பொருட்படுத்தாது. இங்கே, ஹாஷுக்குப் பின் ஒரு வசதியின் பெயரும் 'இஸ் நாட் செட்' என்பதும் இருந்தால், அது 'எனக்கு வேண்டாம்' என்ற கட்டளை. அதை நீக்கினால் கர்னல் தன் வழக்கப்படி சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளும். பந்தியில் கையால் இலையை மறைக்காதவனுக்கு இன்னொரு கரண்டி சாதம் விழுவதில்லையா, அப்படி.

மாலை ஐந்து மணிக்கு, மண்டி மொஹல்லாவில் இணையம் கொடுக்கும் ஒருவரின் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு அந்த மென்பொருள் போக வேண்டும். ரவுட்டர் எழும்பாவிட்டால் இங்கிருந்து சரிசெய்ய வழியில்லை. வீடு வீடாக ஆள் போக வேண்டும்.

"அனுப்பாதீங்க மேடம்."

"சும்னே டென்ஷன் ஆகறீங்க சார். என் மேஜைல நல்லா ஓடுது பாருங்க. வீட்ல சப்பாத்தியக்கூட எண்ணித்தான் சாப்பிடுவீங்களா?"

"மூணு. உங்க மேஜைல இருக்கறது புது ரவுட்டர் போர்டு, கர்னலுக்கு எட்டு எம்.பி. இடம். அந்த வீடுகள்ல இருக்கற பழைய போர்டுல நாலுதான். இப்ப கர்னல் எவ்வளவு?"

அவர் பார்த்தார். நாலு புள்ளி மூன்று.

அலமாரியிலிருந்து பழைய போர்டை எடுத்து அதில் ஏற்றினோம். வழக்கமாக நாற்பத்தொரு நொடியில் பச்சை விளக்கு வரும். நான் எண்ணினேன். அறுபதில் அவரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். நூற்றிருபதிலும் சிவப்புதான்.

"அய்யோ தேவ்ரே," என்றார். உடனே மண்டி மொஹல்லாக்காரருக்குப் போன் போட்டு, "தப்பு என்னோடதுங்க, ரெண்டு நாள் கொடுங்க," என்றார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. வரிகளை அவரே திரும்பச் சேர்த்தார். கர்னல் இடத்தை மீறினால் மென்பொருள் தயாரிப்பையே நிறுத்தும் சோதனையைப் பழைய போர்டுக்கு நான் எழுதாமலே விட்டிருந்தேன். அது என் தப்பு. அதை அன்றே எழுதி முடித்தேன், ஏழு வரி.

இரண்டு நாள் கழித்து அனுப்பினோம். அறுநூற்றுப் பதினொன்று எழுந்தன.

"ஒண்ணுதானுங்க சார், விடுங்க."

விட முடியவில்லை. மறுநாள் மதியம் வரை திரையை விட்டு நகரவில்லை. அந்த வீட்டார் ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்குப் போகும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று பத்துக்கு அதுவும் வந்தது.

"அறுநூத்திப் பன்னெண்டு," என்றார் அவர், எனக்கு முன்னால். "இப்பவாவது ஊட்டத்துக்குப் போலாமாங்க சார்?"

சாப்பிடப் போனோம்.