செல்வநாயகி ரீச்சரும் சிவப்புச் சாயமும்

செல்வநாயகி ரீச்சர் இறந்த செய்தியை மூதூரிலிருந்து பரீதா தொலைபேசியில் சொன்னாள். நாங்கள் மூவரும் ஒரே பாடசாலையில் கற்பித்தவர்கள். பரீதா விஞ்ஞானம், நான் ஆங்கிலம், செல்வநாயகி புவியியல். அழுகைக்கு நடுவே அவள் சொன்ன இரண்டாவது செய்திதான் என்னைக் கதிரையிலிருந்து எழுப்பியது.

"அஞ்சலிக் கூட்டத்துக்கு ராசநாயகம்தானாம் தலைமை, அக்கா."

அன்று பின்னேரமே ராசநாயகம் என்னை அழைத்தார். விடுதி உரிமையாளர், சமாதான நீதவான், இப்போது சமூக சேவையாளரும்கூட. "ரீச்சரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரோணும், அம்மா. முப்பத்தோராம் நாள் நினைவு மலரில போடுவம். வாசல்ல நிண்டு நானே என்ர கையால எல்லாருக்கும் குடுப்பன்."

ஓர் எழுத்தும் மாறக்கூடாது, அச்சுப்படியை நானே திருத்துவேன் என்று நிபந்தனை வைத்தேன்.

"நீங்கள் எழுதினதில நான் கை வைப்பனே?" என்றார்.

வைக்கமாட்டார். வாசிக்கவும் மாட்டார். அவர் எதையாவது வாசித்து நான் கண்டதில்லை. ஆகவே இந்தப் பக்கத்தை நீங்கள் அவருடைய கையாலேயே வாங்கியிருப்பீர்கள். அதில் எனக்கு மிகுந்த திருப்தி.

செல்வநாயகி யாழ்ப்பாணத்தில், நிலாவரைக் கிணற்றுக்குக் கிட்டப் பிறந்தவர். அந்தக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று ஊர் சொல்லும். "அடி இல்லாத கிணறு இல்லை, அக்கா. அளந்தவையின்ர கயிறுதான் கட்டை" என்பார் இவர். வகுப்புக்கு ஒரு துண்டுச் சுண்ணக்கல்லும் ஒரு தேசிக்காயும் கொண்டுபோவார். கல்லைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளில் தேசிப்புளியைப் பிழிந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் காதை வைத்துக் கேட்கச் சொல்வார். "கேக்குதா? கல் கரையிற சத்தம். மழைத்தண்ணியிலயும் கொஞ்சம் புளிப்பு இருக்கு. அதுவும் இந்த வேலையைத்தான் செய்யுது. அதுக்கு அவசரமில்லை, அவ்வளவுதான்." அடுத்த அறையில் ஆங்கில இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அந்த ஆரவாரம் எரிச்சலாக இருந்தது. என் பிள்ளைகளுக்கும் அங்கே போய்க் கேட்கத்தான் ஆசை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

அவர் கற்பிக்க வந்த திருகோணமலையின் பாறைகள் எளிதில் கரைவதில்லை. அதனால், மூதூருக்குத் தெற்கே ஈச்சிலம்பற்றுக்குப் போகும் வழியில் காட்டோரமாக ஒரு வெள்ளைச் சுண்ணக்கற் குன்றைக் கண்டபோது இவர் சிறு பிள்ளையைப் போலத் துள்ளினார். அதற்குள் ஒரு குகை இருந்தது. தவழ்ந்துதான் போகவேண்டும். உள்ளே மெழுகுதிரி உருகி வழிந்ததுபோலக் கல் தொங்கியது. ஓர் ஓடை சுவரடியில் ஒரு துவாரத்துக்குள் நுழைந்து காணாமற் போனது. வௌவால் எச்சத்தில் என் சேலை பாழானதைச் சொல்லிக் கோபித்தேன். "சேலையைத் தோய்க்கலாம், அக்கா. இந்த மண்டபத்தை ஆராலும் இன்னொருக்காச் செய்ய ஏலாது" என்றார்.

அந்தக் குன்றின் மேல்தான் ராசநாயகம் விடுதி கட்டினார். மலசலகூடக் குழாய்களையெல்லாம் பாறையில் இயற்கையாகவே இருந்த ஒரு குழிக்குள் இறக்கினார். அதில் அவருக்குப் பெருமை வேறு. எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அந்தக் குழியையும் கொண்டுபோய்க் காட்டினார்.

"அதிசயக் குழி, ரீச்சர். எவ்வளவு போனாலும் நிரம்பாது. அள்ளிக்கொண்டு போகப் பௌசர் வண்டியே தேவையில்லை!"

"நிரம்பாதெண்டால் கீழ ஒரு வாசல் இருக்குது, ஐயா" என்றார் செல்வநாயகி.

"அப்ப நீங்கள் அந்த வாசல்ல போய்க் காவலுக்கு நில்லுங்கோ!" கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

செல்வநாயகி சிரிக்கவில்லை. குன்றின் மறுபக்க அடிவாரத்தில் ஒரு நீரூற்று இருந்தது. கீழ்க் கிராமம் முழுவதும் அதில்தான் தண்ணீர் அள்ளியது. ஒவ்வொரு மாரியிலும் அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது.

குழியை மூடும்படி பலமுறை கேட்டார். பலனில்லை. அடுத்த மாரியில், பாய் பின்னுகிறவர்கள் பன் புல்லுக்குப் போடும் சிவப்புச் சாயத்தைப் பரீதாவின் தாயாரிடம் வாங்கினார். முதலில் கிராமத்து வீடு வீடாகப் போய், ஊற்றில் தண்ணீர் அள்ளவேண்டாம் என்று சொன்னார். மூதூரிலிருந்து உழவு இயந்திரத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகே சாயத்தைக் கரைத்துக் குழிக்குள் ஊற்றினார். இந்த ஒழுங்கை நீங்கள் கவனிக்கவேண்டும். நான் அருகில் நின்று கண்டது இது.

பிறகு ஊற்றடியில் காத்திருந்தோம். பெண்களுக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது.

"சிவப்பு வந்தா என்ர பழஞ்சீலையையும் ஒருக்காத் தோய்ச்செடுப்பன், ரீச்சர்."

"வராட்டி?"

"வராட்டி ரீச்சற்ற முகம்தான் சிவக்கும்!"

மறுநாள் மத்தியானத்துக்கு முன் வந்தது. முதலில் ஒரு நூல்போல. பிறகு ஊற்று முழுவதும் சிவந்தது. சிரிப்பு நின்றது. ஒரு முதியவள் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் என்னத்தைக் குடிச்சனாங்கள்?"

எல்லோரும் குன்றின் மேலே பார்த்தார்கள்.

ராசநாயகமும் மேலே நின்று பார்த்திருப்பார். அந்தக் கிழமையே, ரீச்சர் ஊற்றில் நஞ்சு கலந்தார் என்ற கதை புறப்பட்டது. சிவந்த தண்ணீரைக் கண்டவர்கள் சிலர், கேள்விப்பட்டவர்களே பலர். நஞ்சு என்ற சொல் விளக்கத்தைவிட வேகமாக ஓடும். மனுப் போனது, விசாரணை வந்தது, செல்வநாயகிக்கு வெகுதூரத்துக்கு இடமாற்றம் வந்தது. அதே மாதத்தில் ராசநாயகம் அந்த அதிசயக் குழியைக் கொங்கிறீற் போட்டு மூடினார். வேறு குழி வெட்டினார். அவருடைய விடுதிக்குப் பௌசர் ஏறிப்போவதை நான் என் கண்ணால் கண்டேன். நஞ்சு ரீச்சருடையது என்றால் இவர் ஏன் தன் குழியை மூடினார்? இந்தக் கேள்வியை அப்போதே அவரிடம் நேரில் கேட்டேன். "பெரியாக்களின்ர விசயம், அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

ஊற்று தெளிந்தது. வயிற்றோட்டமும் நின்றது. அந்தப் புண்ணியத்தையும் அவரே எடுத்துக்கொண்டார்.

சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு செத்த வீட்டுக்கு அந்தக் கிராமத்துக்குப் போனார் செல்வநாயகி. தாகத்தில் அழுத ஒரு குழந்தைக்கு ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். குழந்தையின் தாய் ஓடிவந்து கோப்பையைப் பறித்து முற்றத்தில் ஊற்றினாள். அவள் செல்வநாயகியிடமே படித்தவள். இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லும்போது தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடும். இது உமக்கு எதுக்கு?" என்று என் கணவர் கடைசிவரை சொன்னார். "காலம் அந்தாளையும் கரைக்கும், அக்கா" என்று செல்வநாயகியும் சொன்னார். கரைக்கவில்லை. அவர் பருத்தார், பட்டம் பெற்றார், பொன்னாடை போர்த்தப்பட்டார். கரைந்தது செல்வநாயகி. நான் படித்த பாடசாலையில் கன்னியாஸ்திரிமார் எனக்கு எல்லாம் கற்பித்தார்கள், மன்னிப்பையும் கற்பித்தார்கள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் சித்தியடையவில்லை. இனி அந்தச் சோதனைக்கு உட்காரும் எண்ணமும் இல்லை.

திரு. ராசநாயகம் அவர்களுக்கு: உங்கள் தலைமையுரைக்கு ஒரு வசனம் போதும். "அந்த ஊற்றை அழுக்காக்கியது என்னுடைய குழாய், ரீச்சர் சொன்னது உண்மை." ஒலிவாங்கி முன் அதைச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருக்கலாம். கீழ்க் கிராமத்துப் பெண்களைப் பரீதா வாகனம் பிடித்து அழைத்து வருகிறாள். கோப்பையைப் பறித்தவளும் வருகிறாள். நடந்தது எல்லாவற்றையும் அவளுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். நீங்கள் சொல்லாவிட்டால் முன்வரிசையிலிருந்து நான் எழும்பிச் சொல்வேன். எனக்கு ஒலிவாங்கி தேவையில்லை. முப்பது பிள்ளைகளை அடக்கிய குரல் இன்னும் இருக்கிறது.

கடைசியாக நான் அவருடைய லிங்கநகர் வீட்டுக்குப் போனபோது செல்வநாயகி கட்டிலோடு கிடந்தார். பேச்சுக் கொஞ்சம் குழறியது. "எனக்கும் கோவம் இருந்தது, அக்கா" என்றார். "பிள்ளையளுக்கு முன்னால காட்டக்கூடாதெண்டு வைச்சிருந்தனான். பிறகு காட்ட ஓரிடமும் கிடைக்கேல்லை."

"என்னட்டைத் தாரும்" என்றேன்.

சிரித்தார். என் கையைப் பிடித்து இறுக்கினார்.

அவருடைய பொறுமை வேண்டியவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது பொருந்தாது. அந்தக் கோபம் என்னிடம் இருக்கிறது. அவர் ஒருநாளும் உடுத்தாத புதுச் சேலையைப்போல, மடிப்புக் குலையாமல்.