டொல்பின் மறியல்

வாயைக் கட்டிக்கொண்டு வாயால் பிழைக்கிற வேலைதான் வழிகாட்டி வேலை. சீருடைக்குள் நின்று சம்பளத்துக்காகச் சிரித்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லண்டனில் ஒரு மிருகக்காட்சிச்சாலையில், முன்பு டொல்பின்களையும் ஒரு திமிங்கிலத்தையும் அடைத்துவைத்திருந்த தொட்டிக்கு நான்தான் வழிகாட்டி. இப்போது அங்கே தண்ணீர் இல்லை, நீல வர்ணம் உரிந்த சுவர் மட்டும் இருக்கிறது.

சிரித்த முகம்

மோர்டனிலிருந்து குடும்பத்தோடு ஒருவர் வந்தார். மன்னார்க்காரர், ஊரில் கடற்றொழில் செய்தவராம். சுவரில் ஒரு பழைய படம், மூக்கில் பந்தோடு டொல்பின். "பாருங்கோ, என்ன சந்தோஷமாச் சிரிக்குது" என்று மேலதிகாரி சொல்லித்தந்ததை ஒப்புவித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணை, அது சிரிக்கேல்லை. அதின்ர வாய் அப்பிடி. செத்து வலையில வந்தாலும் அந்த வாய்தான்."

அன்றைக்கு முழுக்க எனக்கு என்மீதே ஆத்திரம்.

நல்ல பழக்கம்

அந்தக் காலத்துப் பராமரிப்பாளர் ஒருவர், வெள்ளைக்காரர், ஓய்வு பெற்றபின்பும் தொட்டியைப் பார்க்க வருவார். திமிங்கிலம் எப்படி இருந்தது என்று கேட்டேன். முதலில் ஓயாமல் சுற்றியதாம். சுவரில் முட்டிக்கொண்டதாம். பிறகு ஒரு மூலையில் அசையாமல் மிதந்ததாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்றேன்.

"'நன்றாகப் பழகிவிட்டது' என்று பதிவுக் கொப்பியில் எழுதினோம்."

பலகை

தமிழர் தினம் ஒன்று வந்தது. தொட்டியருகே தமிழிலும் ஒரு பலகை வேண்டும், 'டொல்பின்களின் இனிய இல்லம்' என்று எழுதித் தா என்றார் மேலதிகாரி. இல்லமாம்! ஒன்றுகூட உயிரோடு வெளியே போகவில்லை, அதை எழுதலாமே என்றேன். தோளில் தட்டினார்.

"குடும்பங்கள் வருகிற இடம் இது. உனக்கு இந்த வேலை பிடிக்கும்தானே?"

எழுதினேன். "இங்கே டொல்பின்கள் சாகும்வரை மறியலில் இருந்தன." யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மறியல் என்றால் சிறை. மேலதிகாரிக்கோ தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்.

கோரிக்கை

தினத்தன்று வெம்பிளியிலிருந்து வந்த ஒரு மதுரைப் பெண் பலகையை இரண்டு தரம் வாசித்தார். அவர்கள் ஊரில் மறியல் என்றால் தெருவை மறித்து உட்கார்ந்து போராடுவது! அது என் மண்டையில் உறைத்தபோது மேலதிகாரி பக்கத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பிழை என்று விளக்க வாய் திறந்தேன். அந்தப் பெண் முந்திக்கொண்டார்.

"ஏங்க, சாகுற வரைக்கும் மறியல் பண்ணிருக்கு, என்ன கோரிக்கைன்னு ஒருத்தருமா கேக்கல?"

பலகையை நான் திருத்தவில்லை; மேலதிகாரி தமிழ் படிக்கிற நாள்வரை அதுவும் அங்கே இருக்கும், நானும் இருப்பேன், நன்றாகப் பழகிவிட்டேன் என்று அவரும் எழுதிக்கொள்ளலாம்.