உங்க வூடு இன்னா கலரு?

போன வாரம் டோல்கேட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் கல்யாணப் பேச்சில் இருந்தார்கள். பையனுக்கு மில்லில் வேலையாம். குடிப்பழக்கம் இல்லையாம். தங்கையைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டதாம். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இன்னா கலரு?" என்று கேட்டார்.

"கத்திரிப்பூ" என்றார் மற்றவர், இன்னும் தாழ்ந்த குரலில்.

கேட்டவர் உச்சுக்கொட்டினார். "அப்ப வாணாம்பா. மஞ்சளா இருந்தா சொல்லு."

வெளியூர் ஆசாமி யாராவது அங்கே நின்றிருந்தால், திருவொற்றியூர் பக்கத்தில் மனிதர்கள் என்னென்ன நிறத்தில் பிறக்கிறார்களோ என்று பயந்தே போயிருப்பார். நான் பயப்படவில்லை. அவர்கள் விசாரித்தது பையனின் கலரை அல்ல, பையன் வீட்டின் கலரை. அதுவும் சுவரில் அடித்த சுண்ணாம்பு இல்லை... வரைபடத்தில் அடித்த கலர்.

இது விளங்க வேண்டுமானால் என் எதிர்வீட்டு சவரிமுத்துவின் கதையைச் சொல்ல வேண்டும்.

சவரிமுத்து துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து என்ன சரக்கை இறக்கினாலும் முகத்தில் ஒரே பாவம்தான். மனைவி ரோசம்மா அப்படி இல்லை. அவருடைய முகத்தில் ஒரு நாளைக்கு எல்லா பாவங்களும் வந்து போகும். பையன் அந்தோணிக்கும் துறைமுகத்தில்தான் வேலை. கீழே ஒரு ஹால், ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. அதுதான் வீடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊர் எப்படி வளர வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். ஊர் அதற்குள்ளாகவே வளர்ந்துவிட்டது. அதனால் என்ன? திட்டம் போட்டார்கள். பெரிய வரைபடமாக எழுதி, ஆபீஸ் சுவரில் மாட்டி, ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாம் என்று தண்டோரா போடாத குறையாக அறிவித்தார்கள்.

நானும் சவரிமுத்துவும் போனோம். டவுன் பிளானிங் இன்ஸ்பெக்டர் கையில் பிரம்போடு நின்று விளக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், மெதுவான பேச்சு. குடியிருக்கும் இடத்துக்கு மஞ்சள். தொழிற்சாலைக்குக் கத்தரிப்பூ. பூங்காவுக்குப் பச்சை. பச்சை அடித்த இடத்தில் இப்போது குப்பை கொட்டுகிறார்கள். கடலுக்கு நீலம். கடலில் எந்த மாற்றமும் செய்வதாக இல்லை என்றார்.

எங்கள் தெருவைத் தேடினோம். பிரம்பு ஓர் இடத்தில் போய் நின்றது. தெருவுக்கு மேற்கே மஞ்சள், கிழக்கே கத்தரிப்பூ. நான் வாடகைக்கு இருப்பது மேற்குப் பக்கம். சவரிமுத்து சொந்தமாக இருப்பது கிழக்குப் பக்கம். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பெனியின் மதில் சுவர் இருக்கிறது. மேலிடத்தில் யாரோ தூரிகையைக் கம்பெனியோடு நிறுத்தாமல் தெரு வரைக்கும் இழுத்துவிட்டார்கள்.

"வூடு மொதல்ல வந்துச்சு சார். கம்பெனி அப்பால வந்துச்சு" என்றார் சவரிமுத்து.

"திட்டம் அதற்கும் பிறகுதானே வந்தது" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆட்சேபணை பதிவு செய்துகொள்ளப்பட்டது. கத்தரிப்பூவும் அப்படியே இருந்தது.

இருக்கிற வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவர்கள். ஆனால் கத்தரிப்பூவில் இனிமேல் குடியிருப்பதற்காக ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது. ஏன்? தொழிற்சாலைப் புகை மனிதர்களுக்கு ஆகாதாம். எவ்வளவு நல்ல எண்ணம், பாருங்கள். புகை கெடுதல் என்றால் புகைபோக்கியிடம் அல்லவா போய்ச் சொல்ல வேண்டும்? சவரிமுத்துவிடம் வந்து சொன்னார்கள். எனக்கு உள்ளபடியே கோபம் வந்தது. அதே புகை தெருவைத் தாண்டி என் வீட்டுக்கும் வருகிறது. ஆனால் எனக்கு வருவது மஞ்சளில் வருகிற புகை. அதனால் எனக்கு ஒன்றும் ஆகாது.

இந்தச் சமயத்தில்தான் அந்தோணிக்குப் பெண் அமைந்தது.

பெண் பிலோமினா, ராயபுரம். அப்பா லூர்துசாமி ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடி காட்டுகிற உத்தியோகம்தான், ஆனால் லேசில் காட்ட மாட்டார். வீட்டைப் பார்க்க வந்தார். ஹாலைப் பார்த்தார். அந்தோணியின் இரண்டு தங்கைகளைப் பார்த்தார். "ராத்திரில என் பொண்ணு எங்க படுக்கும்?" என்று கேட்டார்.

மாடியில் ஒரு ரூம் எடுக்கப் போகிறோம் என்றார் சவரிமுத்து.

"வூடு இன்னா கலரு?"

சவரிமுத்துவுக்குப் பொய் வராது. சொல்லிவிட்டார்.

லூர்துசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெரம்பூரில் ஒரு பையன் இருக்கிறானாம், வீடு சுத்தமான மஞ்சளாம். இருந்தாலும் பிலோமினாவுக்கு அந்தோணியைப் பிடித்துவிட்டதாம், அதனால் ஒரு தவணை கொடுக்கிறாராம். ரூம் எழும்பினால்தான் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க விடுவார். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கல்யாணம். தபசு காலம் தொடங்கிவிட்டால் அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணமே கிடையாது. அதுவரைக்கும் பெரம்பூர்க்காரன் சும்மா இருப்பானா?

சவரிமுத்து ஆபீஸுக்குப் போனார், வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். முகத்தில் அதே பாவம். அந்தோணிதான் சாப்பிடாமல் திரிந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை ரோசம்மாவே கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

போகிற வழியில் அந்தோணியார் கோயிலில் இறங்கி வேண்டிக்கொண்டார். பிறகு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, கல்யாணம், ராயபுரம், பெரம்பூர், தபசு காலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். குடியிருக்கும் அறைக்கு வழியே இல்லை என்றார். பிறகு, ஏதாவது நல்லதாகவும் சொல்ல வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, "பட்டறை, தொழிற்கூடம் மாதிரி ஏதாவது என்றால் தாராளமாகக் கட்டலாம் அம்மா. அதற்கு நாங்களே ஆதரவு தருகிறோம்" என்றார்.

"அப்ப பட்டறைன்னே போட்டுக்கோ" என்றார் ரோசம்மா.

"என்ன உற்பத்தி?"

ரோசம்மா மடியில் இருந்த பையைப் பார்த்தார். அந்தோணியாருக்கு ஏற்றியது போக மிச்சம் இரண்டு அதற்குள் இருந்தன.

"மெழுகுவத்தி" என்றார்.

மனுவை எழுதியவன் அடியேன்தான். நாட்டின் முன்னேற்றத்தில் சிறுதொழிலின் பங்கு என்று நான் ஒரு வாக்கியம் சேர்த்தேன். அது தேவையே இருக்கவில்லை. மாதக்கணக்கில் அசையாத அனுமதி, ரூம் என்ற சொல்லை நீக்கியதும் ஓடி வந்தது.

ரூம் எழும்பியது. மன்னிக்கவும், தொழிற்கூடம் எழும்பியது. லூர்துசாமி வந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். வாசலில் மாட்டியிருந்த 'அந்தோணியார் மெழுகுவர்த்தித் தொழிற்கூடம்' என்ற போர்டைப் படித்துவிட்டு, கோயில் சம்பந்தமாக ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார். ஓலை வாசித்தார்கள். தபசு காலத்துக்கு முந்திய வாரம் கல்யாணம் நடந்தது. அந்தோணியும் பிலோமினாவும் தொழிற்கூடத்தில் குடித்தனம் வைத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ரோசம்மாவுக்கு மனசாட்சி இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கும் சாமியாருக்கும் மட்டும் தெரிய வேண்டிய விஷயம். ரோசம்மா அதை என் மனைவியிடம் சொன்னார். மனைவி என்னிடம் சொன்னாள். நான் உங்களிடம் சொல்கிறேன். புனிதர் பெயரில் போர்டு மாட்டிப் பொய் சொல்லிவிட்டேனே என்று அழுதாராம். சொன்னதைச் செய்துவிட்டால் அது பொய் ஆகாதே அம்மா என்று சாமியார் ஆறுதலாகச் சொன்னாராம். ஆறுதலாகச் சொன்னதை ரோசம்மா கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளே பாரிமுனைக்குப் போய் மெழுகு வாங்கி வந்தார். இரண்டு அச்சு வாங்கி வந்தார். எங்கே வைப்பது? ரூமில் ஒரு மூலை போதும் என்றார்.

ஈஸ்டருக்குப் பங்குக் கோயிலில் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். அடுத்த மாதம் இன்னும் நாலு அச்சு வந்தது. மூலை, சுவர் ஆயிற்று. சுவர், பாதி ரூம் ஆயிற்று. இதில் பேஜாரு என்னவென்றால், பிலோமினாவுக்கு இந்த வேலை நன்றாக வந்தது. திரியைச் சரியாக நடுவில் நிறுத்துவாள். கடைக்காரர்களிடம் கறாராகப் பேசுவாள். வேளாங்கண்ணித் திருவிழா வந்தபோது ராயபுரத்திலிருந்தும் ஆள் வந்து காத்திருந்தது. கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கீழே ஹாலுக்கு வந்தார்கள், நடுவே ஒரு புடவைத் திரையோடு.

அப்போது பிலோமினா ஆறு மாதம்.

லூர்துசாமி மகளைப் பார்க்க வந்தார். மாடி ஏறினார். அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. மடக்கிய கட்டிலை ஒட்டிப் பெட்டிகள்.

"எங்கம்மா ரூமு?"

"இது ரூம் இல்ல நைனா. கம்பெனி" என்றாள் பிலோமினா.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றுதான் இருந்தது. குழந்தை பிறப்பதற்குள் தன் மகளுக்கு ஒரு ரூம் வேண்டும், இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், திருப்பி அனுப்பமாட்டேன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். அந்தோணி பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே போனான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னதைச் செய்கிறவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க எதிர்வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை, போங்கள்.

அந்த நேரம் பார்த்தா மொட்டைக் கடிதாசி போக வேண்டும்? 'தொழிற்கூடம் என்று அனுமதி வாங்கிவிட்டுக் குடித்தனம் நடத்துகிறார்கள்' என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். எழுதியவர் பொய் எழுதவில்லை. கொஞ்சம் தாமதமாக எழுதினார், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குடித்தனம் என்று தெரிந்தால் இடிக்க உத்தரவு போட வேண்டியதுதான் என்று வாசலிலேயே சொன்னார். சவரிமுத்துவும் நானும் கூடவே ஏறினோம். நான் சவரிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். மனுவை எழுதியவன் ஆயிற்றே?

உள்ளே போனவர் சுற்றிலும் பார்த்தார். அச்சுகளைப் பார்த்தார். கட்டிக்கட்டியாக மெழுகைப் பார்த்தார். கயிற்றில் வரிசையாகத் தொங்கிய திரிகளைத் தொட்டார். பாய் இல்லை, தலையணை இல்லை, ஒரு கண்ணாடி சீப்பு கூட இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் சர்வீஸில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்" என்றார். "எழுதிக்கொடுத்ததும் கட்டியதும் ஒன்றாக இருக்கிறது."

பாவம், எத்தனை வருஷமாக ஏமாந்த மனிதரோ.

அப்போது பிலோமினா டீ எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்தாள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"சார், பக்கத்துலயே ஒரு குடோன் எடுக்கணும். பர்மிசன் கெடைக்குமா?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த கட்டிலைப் பார்த்தார். அவளுடைய வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டு, டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"சரக்கு எப்போது வருகிறது?"

"கிறிஸ்மஸ்க்குள்ள வந்துடும் சார்."

"அப்படியானால் சீக்கிரம் எழுதிக் கொடுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். "சரக்கை வெயிலில் வைக்கக் கூடாது."

மழை விடுகிற இடைவெளியில் எல்லாம் வேலை செய்து குடோனை முடித்தார்கள். விதிப்படி வாசலில் சிவப்பு எழுத்தில் எழுதியும் ஆயிற்று: 'எளிதில் தீப்பற்றும் சரக்கு. எச்சரிக்கை.' அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கட்டில், ஒரு தூளி.

சரக்கு சொன்னபடி கிறிஸ்மஸுக்கு முன்பே வந்து சேர்ந்தது. பெண் குழந்தை. போன ஞாயிற்றுக்கிழமை லூர்துசாமி பேத்தியைப் பார்க்க வந்தார். எச்சரிக்கையை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கம்பெனிச் சங்கு ஊதியது, குழந்தை அதைவிடப் பலமாகக் கத்தியது. தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தவர், கூட்டிக்கொண்டு போகிற பேச்சையே எடுக்கவில்லை.

தெருப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்கள்.

"கொழந்த இன்னா கலரு நைனா?"

லூர்துசாமி பேத்தியின் முகத்தைப் பார்த்தார். கத்திக் கத்தி அது சிவந்து கறுத்திருந்தது.

"கத்திரிப்பூ" என்றார். "எங்க வூட்டு கலரு."