ஒன்பதாவது விதி

2016 ஜனவரி 21, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. பனி முழுதும் விலகவில்லை. வெயில் சோகையாக இருந்தது. தஞ்சாவூருக்கு வெளியே, வயலை ஒட்டிய எங்கள் வேதாகமக் கல்லூரியில் அறநெறி வகுப்பு. பதினொரு மாணவர்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரம் அறநெறி, ஐந்து மணி நேரம் திருச்சபை வரலாறு, நான்கு மணி நேரம் விசுவாசத்தை மறுப்பவர்களுக்குப் பதில் சொல்லும் பாடம் என்று இருபத்தெட்டு வருடம் நடத்தியவன் நான்.

கடைசி வருட மாணவர் ஒருவர் போனோடு வெளியே போனவர், திரும்பி வந்து வாசலிலேயே நின்று என்னை வெளியே கூப்பிட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர்.

"அப்பா தவறிட்டாருங்கய்யா. அறுப்பு வயல்லயே விழுந்துட்டாராம். நான்தான் மூத்தவன். கொள்ளி வைக்கலாமுங்களா?"

கல்லூரி விதிகளில் ஒன்பதாவது: பிற மதச் சடங்கில் பங்கெடுக்கும் மாணவர் நீக்கப்படுவார். அதை எழுதிய மூவரில் நானும் ஒருவன். முதலில் 'முன்னின்று நடத்தும்' என்றுதான் இருந்தது. 'பங்கெடுக்கும்' என்று இறுக்கியது நான்.

"போங்க தம்பி. மகன் செய்ய வேண்டியது அது. முதல்வர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

பேசவில்லை. நான்கு தடவை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். நான் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து பத்தொன்பதாம் நாள் அந்த மாணவர் மொட்டைத் தலையோடு வந்தார். மெஸ்ஸில் ஒருவன், "என்னண்ணே, பழனியா திருப்பதியா?" என்றான். மூன்று பேர் சிரித்தார்கள்.

மத்தியானம் முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்றார் அவரிடம். அவர் என்னைப் பார்த்தார். முதல்வர் என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட கேட்டாரா?"

"அப்பா தவறிட்டார்னு சொன்னார். போகச் சொன்னேன். மத்தது எனக்குத் தெரியாதுங்கய்யா."

மூன்று வாக்கியம். இரண்டு உண்மை.

அன்று சாயங்காலமே அவரை நீக்கினார்கள். கேட்டருகில் பெட்டியோடு நின்றவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்பதாவது கட்டளை, பொய்ச்சாட்சி பாடம் அடுத்த வாரம்தானேய்யா? எனக்கு நோட்ஸ் வேணாம்."

மே மாதம் மூன்று சால்வையோடு ஓய்வு பெற்றேன். ஜூனில் அவர் ஊருக்குப் போனேன். வாடகை டிராக்டரில் உழுதுகொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுதான்னு முதல்வருக்கு எழுதுறேன்" என்றேன்.

அவர் இன்ஜினை நிறுத்தவில்லை, கத்தித்தான் பேசினார். "வேற காலேஜ்ல மூணு வருஷத்தையும் முதல்லேருந்து படிக்கணுங்கறாங்க. சபையில நான் கொள்ளி வச்சவன். வீட்டுல வேதக்காரன்னு தனித்தட்டு. எழுதுங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க."

எழுதினேன். பதில் இல்லை. என் பணிக்கொடையில் ஒரு ரூபாய் குறையவில்லை. இரண்டு பஸ் மாறிப் போக வர நூற்றுப் பதினெட்டு, தபால் தலை ஐந்து. எனக்கு ஆனது மொத்தம் நூற்று இருபத்து மூன்று ரூபாய்.